147 அடித்து ஜெயித்தது அதிர்ஷ்டமா? ஒரு லீக் ஆட்டத்தின் ஸ்கோர்புக்கைப் படித்தபோது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி சென்னை லீக்கில், கீழ் டிவிஷன் கிளப் ஒன்றில் ஓப்பனிங் பேட்ஸ்மேன். போன ஞாயிறு மேட் விக்கெட்டில் 50 ஓவர் ஆட்டம். முதலில் ஆடி 43.2 ஓவரில் 147 ரன்னுக்கு ஆல் அவுட். எதிரணியை 46.4 ஓவரில் 128க்கு முடித்து, 19 ரன்னில் ஜெயித்துவிட்டார்கள். ஆனால் தம்பி முகம் வாடித்தான் வீட்டுக்கு வந்தானாம். "ஏதோ அதிர்ஷ்டம், அவங்க சொதப்பினாங்க, நாங்க ஜெயிச்சோம். நான் 78 பந்தைத் தின்னு 31 அடிச்சேன்" என்றானாம். அது அதிர்ஷ்டம்தானா என்று கேட்டு, ஸ்கோர்புக்கின் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அதிர்ஷ்டம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். ஆனால் அந்த 19 ரன் எங்கிருந்து வந்தது என்பது ஸ்கோர்புக்கில் எழுதியே இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் இந்த லீக்கில் ஆடியும், பிறகு மர நிழலில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதியும் கழித்தவன் என்ற முறையில், நான் அந்தப் பக்கங்களை எப்படிப் படிக்கிறேன் என்று காட்டுகிறேன்.

முதலில் பார்க்கிற இடம் பேட்ஸ்மேன்களின் ரன் இல்லை. கீழே, பத்தாவது, பதினோராவது பெயருக்கும் அடியில் ஒரு வரி இருக்கும்: எக்ஸ்ட்ரா, அதாவது பேட்டால் அடிக்காமல் கிடைத்த ரன். உங்கள் தம்பி அணிக்கு எதிரணி கொடுத்த எக்ஸ்ட்ரா 25. வைடு 14, நோ பால் 3, பை (மட்டையிலும் உடலிலும் படாமல் போன பந்தில் வந்த ரன்) 5, லெக் பை (உடலில் பட்டுப் போனதில் வந்தது) 3. இவர்கள் எதிரணிக்குக் கொடுத்தது 9. வைடு 4, பை 2, லெக் பை 3, நோ பால் ஒன்றுகூட இல்லை. வித்தியாசம் 16. ஜெயித்தது 19ல். பேட்டால் அடித்த ரன்னை மட்டும் எடுத்துக்கொண்டால் 122க்கு 119. அதாவது மட்டையைப் பொறுத்தவரை இரண்டு அணியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆட்டத்தைப் பிரித்தது பந்து போட்டவர்களின் ஒழுங்கும் கீப்பரின் கையும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வைடும் நோ பாலும் ஒரு ரன்னோடு முடிவதில்லை, அந்தப் பந்தைத் திரும்பப் போட வேண்டும். 14ம் 3ம் சேர்ந்து 17 பந்து. மூன்று ஓவருக்கு ஒரு பந்துதான் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வெயிலில், வாரம் முழுவதும் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்விட்டு வந்து பந்து போடுகிற பையனுக்கு மூன்று ஓவர் கூடுதல் என்பது சின்ன விஷயமே கிடையாது. அந்தக் களைப்பு எங்கே வெளிப்பட்டது என்பதைக் கடைசி விக்கெட் ஜோடியில் பார்க்கலாம்.

நான் ஆடிய காலத்தில் ஒரு ஆட்டத்தை இரண்டு ரன்னில் தோற்றோம். எல்லோரும் கடைசி ஓவரில் நடந்த ஒரு ரன் அவுட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு ஸ்கோர் எழுதிய பெரியவர் ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். எக்ஸ்ட்ரா வரியில் விரல் இருந்தது: 31. அன்றைக்கு நான்தான் கேப்டன். அன்றிலிருந்து எந்த ஆட்டத்தின் புத்தகத்தைத் திறந்தாலும் என் கண் முதலில் அந்த வரிக்குத்தான் போகிறது.

சரி, இப்போது தம்பியின் 78 பந்துக்கு வருவோம். அவனை அதிகம் உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன்.

மேட் விக்கெட் என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது, தொலைக்காட்சியில் வருவதெல்லாம் டர்ஃப், அதாவது புல் வளர்த்து உருட்டிய தரைதான். கீழ் டிவிஷன் ஆட்டங்களில் தென்னை நார்ப் பாயை மண் தரைமேல் விரித்து, இழுத்து, ஓரங்களில் ஆணி அடித்து ஆடுவது நம் ஊரில் வெகுகாலப் பழக்கம். பாயை எவ்வளவு இறுக்கி இழுக்கிறோமோ அவ்வளவு பந்து எழும். தளர்ந்து கிடந்தால் மெதுவாக, நின்று வரும். காலையில் தண்ணீர் தெளித்து உருட்டிய மண் அடியில் ஈரமாக இருக்கும்போது, புதுப் பந்து நார் முடிச்சில் பிடித்து எந்தப் பக்கம் வெட்டும் என்று சொல்ல முடியாது. கட்டர் (பிட்சில் குத்தி வெட்டித் திரும்பும் பந்து) போடுகிறவனுக்கும் விரலால் சுழற்றுகிறவனுக்கும் அது சொர்க்கம். ஷாட் அடிக்கப் பார்க்கிறவனுக்குச் சங்கடம். பந்து அவன் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் தாமதமாக வரும், கேட்ச் மேலே போகும்.

உலகத் தரத்திலும் மேட் இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் சிட்னி பார்ன்ஸ் 1913–14ல் தென்னாப்பிரிக்காவின் மேட் விக்கெட்டுகளில் நான்கே டெஸ்ட்டில் 49 விக்கெட் எடுத்தார். ஒரு தொடரில் இவ்வளவு விக்கெட்டை அதற்குப் பின் யாரும் எடுத்ததில்லை. 1956 அக்டோபரில் கராச்சியில் பாகிஸ்தானும் ஆஸ்திரேலியாவும் மேட்டில் ஆடிய டெஸ்ட்டில் ஃபசல் மஹ்மூத் 114 ரன்னுக்கு 13 விக்கெட் எடுத்தார். அதன் முதல் நாளில் ஆஸ்திரேலியா 80க்கு ஆல் அவுட், பாகிஸ்தான் 2 விக்கெட்டுக்கு 15. முழு நாளுக்கும் 95 ரன். கீத் மில்லரும் நீல் ஹார்வியும் ஆடிய அணிக்கே மேட்டில் அந்த நிலை.

அதனால் தம்பியின் 78 பந்தை ஐ.பி.எல். கண்ணால் பார்க்கக் கூடாது. புத்தகத்தில் அவன் கட்டங்களை எண்ணினேன். 3 பவுண்டரி, 2 இரட்டை, 15 சிங்கிள், மீதி 58 டாட், அதாவது ரன் இல்லாத பந்து. முதல் பத்து ஓவரில் எதிரணியின் இரண்டு புதுப் பந்துக்காரர்களும் சேர்ந்து 9 வைடு போட்டிருக்கிறார்கள். ஏன் இத்தனை வைடு? பந்து மேட்டில் கட்டுக்கடங்காமல் வெட்டியிருக்கிறது. அதே நேரத்தில் எதிர்முனையில் இரண்டு விக்கெட் போயிருக்கிறது. அந்த நேரத்தில் அவன் கட்டை போட்டுக்கொண்டு நின்றது கிளப்புக்குச் செய்த பெரிய உதவி. அவன் நான்காவது விக்கெட்டாக 24வது ஓவரில் அவுட் ஆகும்போது புதுப் பந்து பழசாகி, ஈரம் காய்ந்து, எதிரணியின் வேகப் பந்துக்காரர்கள் போட்டுப் போட்டு ஓய்ந்திருந்தார்கள்.

ஆனால் முழுக்கப் பாராட்டவும் மாட்டேன். 15வது ஓவருக்குப் பிறகு இரண்டு பக்கமும் ஸ்பின் வந்திருக்கிறது. அப்போதும் அவன் 22 டாட் ஆடியிருக்கிறான். அந்த நேரத்தில் லாங் ஆனும் டீப் ஸ்கொயர் லெக்கும் பின்னால் நின்றார்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முன்னால் இடம் இருந்திருக்கிறது. மேட்டில் ஸ்பின்னருக்கு எதிராகச் சிங்கிள் எடுக்க ஒரே வழி, மணிக்கட்டைத் தளர்த்தி, பந்தைத் தாமதமாகத் தொட்டுவிட்டு ஓடுவது. முன்னால் குத்தினால் பிடித்துக்கொண்டு நேராக ஃபீல்டர் கைக்குப் போகும். அந்த 22ல் எட்டைச் சிங்கிள் ஆக்கியிருந்தால்கூட அவன் 39, அணி 155. அடுத்த ஆட்டத்துக்கு அவன் யோசிக்க வேண்டியது இதைத்தான். முதல் பத்து ஓவரைப் பற்றி அவன் வருத்தப்படவே வேண்டாம்.

அப்புறம், இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கடைசி விக்கெட். 37 ஓவர் முடிவில் 9 விக்கெட்டுக்கு 121. அங்கிருந்து பத்தாவது ஆளும் பதினோராவது ஆளும் 38 பந்து ஆடி 26 ரன் சேர்த்திருக்கிறார்கள். பத்தாவது ஆள் 14, பதினோராவது ஆள் 3, எக்ஸ்ட்ரா 9.

எதிரணி கேப்டன் அப்போது என்ன செய்தார் என்று பந்துவீச்சுப் பக்கத்தைப் பாருங்கள். அவரிடம் ஓர் ஆஃப் ஸ்பின்னர் இருந்தார். 7 ஓவர், 19 ரன், 4 விக்கெட். அன்றைக்கு அந்த மேட்டில் அவரை யாராலும் தொட முடியவில்லை. ஒருவர் பத்து ஓவர் போடலாம், அவருக்கு இன்னும் மூன்று ஓவர் பாக்கி. ஆனால் ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும் அவரை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் வேகத்தைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். கடைசி ஆட்களை வேகத்தில் பயமுறுத்தி முடித்துவிடலாம் என்பது அமெச்சூர் கேப்டன்கள் அநேகமாக எல்லோரும் செய்கிற தவறு. நானும் செய்திருக்கிறேன். பத்தாவது, பதினோராவது ஆட்களுக்கு வேகம் ஒரு வகையில் சௌகரியம். மட்டையை நீட்டினால் போதும், பந்து எட்ஜில் பட்டு ஸ்லிப்புக்கும் தர்ட் மேனுக்கும் நடுவே ஓடிவிடும். சுற்றுகிற பந்தைத்தான் அவர்களால் படிக்க முடியாது. களைத்துப்போன வேகப் பந்துக்காரர்கள் அந்த 38 பந்தில் 3 வைடு, 1 நோ பால் போட்டிருக்கிறார்கள், கீப்பர் ஒரு பந்தை விட்டு 4 பை போயிருக்கிறது, ஒரு லெக் பை. ஒன்பது ரன். காலையில் போட்ட கூடுதல் பந்துகள் இங்கே வந்து வேலை செய்தன என்றுதான் நான் படிக்கிறேன்.

அந்தப் பத்தாவது ஆள் மொத்தம் 17 அடித்திருக்கிறான். அணியில் மூன்றாவது பெரிய ஸ்கோர் அவனுடையது. அவன் பந்துவீச்சாளன், வலையில் கடைசியாக இருட்டுகிற நேரத்தில் ஐந்து நிமிஷம் மட்டுமே பேட்டிங் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கிளப்பிலும் அப்படித்தான். வாரத்துக்கு ஒரு நாள் அவனுக்குப் பத்து நிமிஷம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது இன்னிங்ஸுக்கு வருகிறேன். 25 ஓவர் முடிவில் எதிரணி 2 விக்கெட்டுக்கு 82. மீதி 25 ஓவரில் 66 ரன், கையில் எட்டு விக்கெட். ஓவருக்கு மூன்று ரன்கூட வேண்டாம். இந்த இடத்தில் உங்கள் தம்பியின் அணி, அதே 25 ஓவரில், 4 விக்கெட்டுக்கு 74 என்று இருந்தது. யாரைக் கேட்டாலும் எதிரணி ஜெயிக்கும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அங்கே ஸ்கோரர் ஒரு கோடு போட்டு 'டிரிங்க்ஸ்' என்று எழுதியிருக்கிறார்.

அடுத்த 11 ஓவரில் 14 ரன், நாலு விக்கெட். 36 ஓவரில் 6 விக்கெட்டுக்கு 96.

இந்த 11 ஓவரைத்தான் தம்பி "சொதப்பினாங்க" என்று சொல்கிறான். ஆனால் புத்தகம் சொல்வது வேறு. இவற்றைப் போட்டது இரண்டே பேர். ஒரு பக்கம் லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னர், மறுபக்கம் ஆஃப் கட்டர் போடுகிற மீடியம் பேஸர். 66 பந்தில் நாலு மெய்டன், அதாவது ரன்னே கொடுக்காத ஓவர். ஒரு வைடுகூட இல்லை. ஸ்பின்னரின் முழு அனாலிசிஸ், அதாவது பந்துவீச்சுக் கணக்கு, 10 ஓவர், 4 மெய்டன், 17 ரன், 3 விக்கெட். கட்டர்காரனுடையது 9.4 ஓவர், 2 மெய்டன், 26 ரன், 4 விக்கெட். இருவரும் சேர்ந்து இருபது ஓவருக்குக் கொஞ்சம் குறைவாகப் போட்டு 43 ரன்னுக்கு ஏழு விக்கெட்.

எதிரணி ஓப்பனர் 44 அடித்தவர், அந்த நாளின் சிறந்த பேட்ஸ்மேன். டிரிங்க்ஸுக்குப் பிறகு எட்டுப் பந்தில் அவருக்கு ரன் வரவில்லை. ஒன்பதாவது பந்தை ஸ்பின்னுக்கு எதிராக லெக் பக்கம் இழுக்கப் பார்த்து, பந்து நின்று வந்து, மட்டையின் முன் விளிம்பில் பட்டு (லீடிங் எட்ஜ்) பாயிண்ட் ஃபீல்டர் கைக்குப் போனது. அப்போது ரன் ரேட் நெருக்கடி கிடையாது. அவர் ஓவருக்கு ஒரு ரன் எடுத்துக்கொண்டு நின்றிருந்தால்கூட மறுமுனை ஆட்டத்தை முடித்திருக்கும். ஆனால் தொடர்ந்து டாட் ஆடும்போது பேட்ஸ்மேன் மனதில் ஒரு அவசரம் வந்துவிடும். நின்ற இடத்திலேயே நிற்கிறோமே என்று தோன்றும். மூன்று ஃபீல்டர்கள் சுற்றி நின்று கை தட்டுவார்கள், கீப்பர் ஒவ்வொரு பந்துக்கும் ஏதாவது சொல்வார். அமெச்சூர் பேட்ஸ்மேன்கள் அதைத் தாங்குகிற பயிற்சி எடுப்பதில்லை, வலையில் டாட் என்று ஒன்று இல்லையே. இந்த 66 பந்தில் ஒரே ஒரு ஷார்ட் பால், ஒரே ஒரு ஃபுல் டாஸ் போட்டிருந்தால் அந்த அவசரம் தணிந்திருக்கும். அவர்கள் போடவில்லை.

நாலு மெய்டனை வெறும் ரன் வராத ஓவர்களாகப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்த 11 ஓவரில் விழுந்த நாலு விக்கெட்டில் மூன்று, மெய்டனுக்கு அடுத்த ஓவரில் விழுந்திருக்கிறது, மறுமுனைப் பந்துவீச்சாளருக்கு. ஒருவர் கட்டுகிறார், இன்னொருவர் அறுவடை செய்கிறார். அனாலிசிஸில் அது ஒருவர் பெயரில்தான் ஏறும், ஆனால் களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும் அது யாருடைய விக்கெட் என்று.

அதற்கப்புறம் ஒரு பயம் வந்திருக்கிறது. ஏழாவது விக்கெட் ஜோடி 96லிருந்து 115 வரை கொண்டுபோய்விட்டது. எதிரணியின் எட்டாவது ஆள் 14ல் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர், இல்லாத இரண்டாவது ரன்னுக்கு ஓடி, மிட்விக்கெட்டிலிருந்து வந்த டைரக்ட் ஹிட்டில் அவுட். இது முழுக்கத் திறமையா? ஒரு ஸ்டம்ப்தான் தெரிந்தது என்கிறீர்கள். பத்துத் தடவை எறிந்தால் மூன்று தடவை படலாம். ஆக இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு கொடுத்துவிடலாம். அதேபோல, எதிரணி நாலு கேட்ச் விட்டதாகத் தம்பி சொன்னான் என்றும் எழுதியிருக்கிறீர்களே, அது பெரிய அதிர்ஷ்டம்தான். ஸ்கோர்புக்கில் விட்ட கேட்ச்சுக்கு இடமே கிடையாது. ஆனால் மேட்டில் பந்து நின்று வரும்போது கேட்ச் மென்மையாக, முன்னால் விழுகிற மாதிரி வரும். முன்னால் பாய்கிற பழக்கம் இல்லாத ஃபீல்டர் நின்ற இடத்தில் குனிவான், பந்து விரல் நுனியில் பட்டுப் போகும். இவர்கள் தரப்பில் ஆறு கேட்ச் பிடித்திருக்கிறார்கள், அதில் மூன்று ஷார்ட் கவரில். அந்த ஷார்ட் கவரை வழக்கத்தைவிட இரண்டு அடி முன்னால் நிறுத்தியது உங்கள் கேப்டன் என்றால், அவருக்கு மேட் பற்றித் தெரிந்திருக்கிறது.

ஒரு ஆட்டம் ஜெயிப்பதில் இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். சென்னை லீக்கில் கீழ் டிவிஷன்களில் ஒரு சீசனுக்குக் கிடைப்பதே கொஞ்சம் ஆட்டங்கள். மேலே போகிற கிளப்புக்கு அடுத்த வருஷம் ஒரு டிவிஷன் ஏற்றம், அடியில் இருப்பவர்களுக்கு இறக்கம். மழையில் ஒன்றிரண்டு ஆட்டம் கரைந்துவிடும். ஆகவே ஒரு வெற்றியின் புள்ளிகள் ஒரு கிளப்பின் அடுத்த வருஷத்தையே மாற்றும். ஏற்றம் கிடைத்தால் நல்ல பையன்கள் தேடி வருவார்கள், இறங்கினால் இருக்கிறவர்களும் வேறு கிளப்புக்குப் போவார்கள். இந்தக் கிளப்புகளில் யாருக்கும் சம்பளம் இல்லை. பந்து வாங்குவதற்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத்தான் நடத்துகிறார்கள். கிட் பேக்கை மின்சார ரயிலில் தோளில் சுமந்து ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் அதிகாலையில் போகிறவர்கள் இவர்கள்.

இந்த ஊரில் அந்த ஆசை பழசு. வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846ல் வந்தது. இந்தியர்களுக்கு அங்கே இடம் இல்லை என்பதால் 1888ல் புச்சி பாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் தெருவுக்கு ஒரு கிளப் என்று பெருகியது அதன் தொடர்ச்சிதான். 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தின் முதல் பந்தைப் போட்ட எம்.ஜே. கோபாலன் திருவல்லிக்கேணியில் வளர்ந்த ஆட்டக்காரர். மைசூருக்கு எதிரான அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது, ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார்.

நம் காலத்துக்கு வந்தால் வருண் சக்கரவர்த்தி. கட்டடக்கலை படித்து, வேலைக்குப் போய், பிறகு வேலையை விட்டுக் கிரிக்கெட்டுக்குத் திரும்பியவர். முதலில் வேகம் போட்டார், முழங்காலில் அடிபட்ட பிறகு ஸ்பின்னுக்கு மாறினார். 2017–18ல் நான்காம் டிவிஷனில் ஜூபிலி கிரிக்கெட் கிளப்புக்காக ஏழு ஒருநாள் ஆட்டங்களில் 31 விக்கெட், ஓவருக்கு 3.06 ரன். 2018 டிசம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 8.4 கோடிக்கு எடுத்தது. 2025 மார்ச்சில் துபாயில் சாம்பியன்ஸ் டிராஃபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட். சின்னப்பம்பட்டி நடராஜனும் சென்னைக்கு வந்து நான்காம் டிவிஷனில்தான் ஆடத் தொடங்கினார், 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட்டில் இந்தியாவுக்கு ஆடினார். வருணின் எண்ணில் எல்லோரும் 31ஐத்தான் பார்ப்பார்கள். நான் அந்த 3.06ஐப் பார்க்கிறேன். உங்கள் லெஃப்ட் ஆர்ம் ஸ்பின்னர் அன்றைக்குப் போட்டது ஓவருக்கு 1.7. ஒரு ஆட்டத்தை வைத்து யாரையும் யாரோடும் ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் அந்தப் பையன் இந்த சீசன் முழுவதும் என்ன போடுகிறான் என்று யாராவது எழுதி வைத்துக்கொண்டே வர வேண்டும்.

தி இந்துவில் லீக் ஸ்கோர்கள் பொடி எழுத்தில் வருவதைத் திங்கட்கிழமை காலையில் தேடிப் படித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஐம்பது அடித்தவர் பெயர் வரும், நாலைந்து விக்கெட் எடுத்தவர் பெயர் வரும். உங்கள் ஆட்டம் அப்படி அச்சானால் எதிரணி ஆஃப் ஸ்பின்னர் பெயரும், இவர்கள் பக்கம் கட்டர்காரன் பெயரும் இருக்கும். நாலு மெய்டன் போட்டவன், பத்தாவதாக வந்து 17 அடித்தவன், புதுப் பந்தை 78 பந்து பார்த்துக்கொண்டவன், மூன்று பேரும் இருக்க மாட்டார்கள். ஆகவேதான் தம்பிக்கு அது அதிர்ஷ்டம் மாதிரித் தெரிகிறது. அவன் பார்த்த கணக்கில் அவர்களுக்கு இடமில்லை.

இந்த வெற்றியில் சரிசெய்ய வேண்டியதும் இருக்கிறது. எட்டு விக்கெட் 116க்குள் போனது கவலைக்குரியது. 6.4 ஓவர் ஆடாமல் விட்டிருக்கிறார்கள். மேட்டில் 147ஐக் காப்பாற்றலாம், ஆனால் அடுத்த ஆட்டம் டர்ஃபில் என்றால் எதிரணி அதை எளிதாக எட்டிவிடும். ஐந்தாம், ஏழாம் இடத்தில் ஆடியவர்கள் இருவரும் மேட்டில் குறுக்கே அடிக்கப் போய் எல்.பி.டபிள்யூ. ஆகியிருக்கிறார்கள். அவர்களை அன்றைய எதிரணி ஓப்பனரின் விக்கெட்டையும் சேர்த்து யோசிக்கச் சொல்லுங்கள், மூன்றும் ஒரே தவறு.

கடைசியாக, அந்த ஸ்கோர்புக்கைப் பற்றி. இரண்டாவது இன்னிங்ஸில் பேட்ஸ்மேன்களின் ரன்னைக் கூட்டினேன், 119. எக்ஸ்ட்ரா 9 சேர்த்தால் 128. பிறகு பந்துவீச்சாளர்கள் கொடுத்ததைக் கூட்டினேன். பையும் லெக் பையும் அவர்கள் கணக்கில் ஏறாது, அதனால் 123 வர வேண்டும். சரியாக 123 வருகிறது. 46.4 ஓவர், 280 பந்து, நாலு வைடு, எல்லாம் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் நேராகக் கூடுகிறது. கீழ் டிவிஷனில் இப்படி ஒரு புத்தகத்தைப் பார்த்து ரொம்ப நாள் ஆகிறது. அதை எழுதியது பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பையன் என்கிறீர்கள். தம்பியிடம் சொல்லி, அடுத்த ஆட்டத்திலிருந்து விட்ட கேட்ச்களையும் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். எந்த ஓவர், எந்த ஃபீல்டர், அவ்வளவு போதும். சீசன் முடிந்ததும் அந்தப் புத்தகத்தை எனக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள், உட்கார்ந்து படிக்கிறேன்.